முற்றாச் சொற்கள்: ஆங்கில எச்சங்களும் தமிழ்க் கவிஞரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் ஆங்கில இலக்கணத்தைப் பேசுபொருளாக எடுத்துக்கொள்வது, திருமண வீட்டில் நில அளவைக் கணக்கை விரித்து வைப்பதுபோல் தோன்றக்கூடும். ஆயினும் இவ்வட்டத்தின் கூட்டங்களில் படிக்கப்பெறும் மொழிபெயர்ப்புக் கவிதைகளைக் கூர்ந்து கேட்போர் ஒன்றை உணர்ந்திருப்பர். சொற்பொருள் தெரியாமையால் நேரும் பிழையை அகராதி திருத்திவிடும். அகராதிக்கு எட்டாத பிழையோ முற்றுப்பெறாத வினைச்சொற்களிலேதான் மீண்டும் மீண்டும் நேர்கின்றது. ஆங்கிலத்தார் ஜெரண்ட் என்றும், பார்ட்டிசிப்பிள் என்றும், இன்ஃபினிட்டிவ் என்றும் மூவகைப்படுத்தும் அச்சொற்களைத் தமிழின் எச்சங்களோடும் தொழிற்பெயரோடும் வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெயர்களிலிருந்து தொடங்கலாம். பார்ட்டிசிப்பிள் என்னும் சொல் இலத்தீன் வழி வந்தது; 'பங்கு கொள்வது' என்பது அதன் அடிப்பொருள். வினையிலும் பங்கு உண்டு, பெயரிலும் பங்கு உண்டு, ஆதலால் அப்பெயர். பழைய கிரேக்க இலக்கணிகள் அதனைத் தனியொரு சொல்வகையாகவே எண்ணினர். இன்ஃபினிட்டிவ் என்பதற்கு 'வரையறுக்கப்படாதது' என்று பொருள். இடம், எண் என்னும் எல்லைகளுக்கு உட்படாத வினைவடிவம் அது. ஜெரண்ட் என்பது செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது, தொழிலின் பெயர். தமிழ் இலக்கணிகளோ வேறொரு கோணத்தில் நின்று பார்த்தனர். எதில் பங்கு கொள்கிறது, எதற்கு உட்படவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. என்ன எஞ்சியிருக்கிறது என்று கேட்டனர். 'வந்து' என்றால் ஒரு வினை எஞ்சுகிறது. 'வந்த' என்றால் ஒரு பெயர் எஞ்சுகிறது. வினையெச்சம், பெயரெச்சம் என்னும் பெயர்கள் அச்சொற்களின் இயல்பை மட்டுமன்று, கேட்பவனின் எதிர்பார்ப்பையும் சேர்த்தே சுட்டுகின்றன. (எச்சம் என்னும் சொல் மக்கட்பேற்றையும் குறிக்கும், தொடர்ந்து வர ஒருவர் உண்டு என்னும் எதிர்பார்ப்பு அங்கும் இருக்கின்றது.) 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய இலக்கணிகள் வினையெச்சத்தை 'வெர்பல் பார்ட்டிசிப்பிள்' என்றும் பெயரெச்சத்தை 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்' என்றும் மொழிபெயர்த்தனர். அன்று தொடங்கிய பெயர்க் குழப்பம் இன்றும் மாணவர்களைச் சுற்றுகிறது. ஒரு வகுப்பறையில் தமிழாசிரியர் பெயரெச்சம் கற்பிக்கிறார். அடுத்த வகுப்பறையில் ஆங்கில ஆசிரியர் பார்ட்டிசிப்பிள் கற்பிக்கிறார். இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு சாளரம் வைக்க எவரும் முனைவதில்லை. தான் பிறந்தது முதல் பிழையின்றிப் பேசி வரும் ஒன்றையே, முற்றிலும் அயலானது என்று அஞ்சி மனப்பாடம் செய்யும் நிலை மாணவனுக்கு நேர்கிறது.

ஆங்கிலத்தில் 'இங்' என்னும் ஈறு ஒன்றே ஜெரண்ட்டுக்கும் நிகழ்கால பார்ட்டிசிப்பிளுக்கும் உரியதாய் நிற்பதுதான் முதற் சிக்கல். இது தொடக்கம் முதல் இருந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு 'உங்' அல்லது 'இங்' என்னும் ஈறும், பார்ட்டிசிப்பிளுக்கு 'எண்டெ' என்னும் ஈறும் தனித்தனியே வழங்கின. உறவு மொழியாகிய ஜெர்மன் அவ்வேறுபாட்டை இன்றும் காத்து வருகிறது; பாடும் நிலையைக் குறிக்க அங்கு 'ஸிங்கெண்ட்' என்பர், தொழிற்பெயர்களுக்கு 'உங்' ஈறு தருவர். இடைக்கால ஆங்கிலத்தில் தென்பகுதி வழக்கில் 'எண்டெ' என்பது 'இண்டெ' ஆகி, பின்னர் 'இங்கெ' ஆகி, தொழிற்பெயரின் ஈற்றோடு ஒலியால் ஒன்றிப் போயிற்று. வடபகுதி வழக்கு 'அண்ட்' என்னும் ஈற்றைச் சில காலம் விடாமல் வைத்திருந்தது. ஒலி ஒன்றான பிறகு இலக்கணமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டது. முன்பு வெறும் பெயராய் நின்ற தொழிற்பெயர், வினையைப் போலச் செயப்படுபொருளை நேரே ஏற்கத் தொடங்கியது. இரு சிற்றாறுகள் கலந்த பின்னர் நீரைப் பிரிப்பது எளிதன்று. அதனால்தான் 1985இல் வெளிவந்த குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரின் பேரிலக்கணம் ஜெரண்ட் என்னும் தனிவகைக்கு முதன்மை தராமல் விட்டது. 2002இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் கேம்பிரிட்ஜ் இலக்கணம் இரண்டையும் சேர்த்து 'ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்' என்று ஒரே பெயரிட்டது. பள்ளி இலக்கண நூல்களோ இன்னும் பழைய பிரிவினையையே பின்பற்றுகின்றன. அதிலும் தவறில்லை, வடிவம் ஒன்றாயினும் வேலை இரண்டு என்பதைக் கற்பவர் அறிய வேண்டும்.

அவ்விரு வேலைகளையும் காட்ட ஆங்கில ஆசிரியர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது இரு சொற்றொடர்கள். 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்பதில் குழந்தை உறங்குகிறது; 'ஸ்லீப்பிங் பேக்' என்பதில் பை உறங்குவதில்லை, அது உறங்குவதற்கான பை. முன்னது பார்ட்டிசிப்பிள், பின்னது ஜெரண்ட். அவ்வாறே 'ரன்னிங் வாட்டர்' என்பது ஓடுகின்ற நீர். 'டிரிங்கிங் வாட்டர்' என்பது குடிக்கின்ற நீர் அன்று, குடிப்பதற்கான நீர். சொல்லழுத்தமும் வேறுபடும்: ஜெரண்ட் தொகையில் முதற்சொல் ஓங்கி ஒலிக்கும்.

இவ்விடத்தில் தமிழறிந்தோர் சற்றே புன்னகைக்கலாம். ஓடுநீர், குடிநீர் என்னும் இரண்டும் தமிழில் வினைத்தொகையே. காலம் காட்டும் இடைநிலையும் பெயரெச்ச விகுதியும் மறைந்து நிற்க, வினையடியும் பெயரும் ஒட்டிய தொகை. நீர் ஓடுகிறதா, குடிக்கப்படுகிறதா என்று சொல்வடிவம் சொல்வதில்லை, அறிவு சொல்கிறது. விரித்துக் கூறும் பெயரெச்சத்துக்கும் இவ்வகன்ற கை உண்டு. செய்யும், செய்த என்னும் பெயரெச்சங்கள் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்னும் ஆறையும் கொண்டு முடியும் என்று தொல்காப்பிய வினையியல் வகுத்தது. 'எழுதும்' என்னும் ஒரு சொல்லை வைத்துப் பார்க்கலாம். எழுதும் மேசை, எழுதும் கவிதை, எழுதும் இரவு, எழுதும் பேனா, எழுதும் கவிஞர், எழுதும் எழுத்து. ஆறு உறவுகள், வடிவம் ஒன்று. ஆங்கிலத்தில் மேசைக்கு ஜெரண்ட் வேண்டும். கவிஞருக்கு நிகழ்கால பார்ட்டிசிப்பிள் பொருந்தும். கவிதைக்குச் செயப்பாட்டு வடிவம் வேண்டும். இரவுக்கோ எந்த பார்ட்டிசிப்பிளும் உதவாது, 'வென்' என்னும் இணைப்புச் சொல்லோடு தனித் தொடரே அமைக்க வேண்டும். 'அவள் அழுத இரவு' என்னும் மூன்று சொற்களை ஆங்கிலமாக்க முயன்றவர்கள் இவ்விழப்பை அறிவர். அழுகை இரவின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்பது தமிழ். இரவும் அழுகையும் ஒரு கயிற்றால் கட்டப்பட்டு நிற்பது ஆங்கிலம்.

ஆங்கிலம் ஈட்டுவதும் உண்டு. அதனை மறைத்துத் தமிழைப் போற்றுவது ஆய்வாகாது. 'புலி கொன்ற யானை' என்றால் மாண்டது எது? தொல்காப்பியர் காலம் முதல் இத்தகைய தடுமாற்றம் அறியப்பட்டதே. தடுமாறு தொழிற்பெயர் என்று அதற்கொரு பெயரே உண்டு. இடம் நோக்கியும் முன்பின் வரும் சொல் நோக்கியும்தான் அதனைத் தெளிய வேண்டும். ஆங்கிலம் செய்பவனுக்கு 'இங்' ஈற்றையும், செயப்பட்டதற்கு 'எட்' முதலிய ஈறுகளையும் ஒதுக்கிவிட்டதால் அங்கே இத்தடுமாற்றம் எழுவதில்லை. 'போரிங்' என்றால் பிறரைச் சலிப்படையச் செய்பவர். 'போர்ட்' என்றால் தாமே சலித்துப் போனவர். இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லி, 'ஐ ஆம் போரிங்' என்று தம்மைத் தாமே இழித்துக்கொள்ளும் இளைஞர்கள் எத்தனையோ பேர். சலிப்பூட்டும், சலித்த என்று தமிழில் எண்ணிப் பார்த்தால் அவர்கள் தவறமாட்டார்கள். ஏனெனில் அவ்விடத்தில் தமிழும் பிறவினை கொண்டு வேறுபடுத்துகிறது.

இனி இன்ஃபினிட்டிவ். 'டு' என்னும் முன்சொல்லோடு வரும் இவ்வடிவத்தைத் தமிழிலக்கண நூல்கள் 'செய' என்னும் வாய்பாட்டோடு ஒப்பிடுவது வழக்கம். அது பொருத்தமே. ஆயினும் இதனினும் நெருங்கிய ஒப்புமை ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ரீடன்' என்பது குதிரையேறிச் செல்ல என்னும் வெறும் வடிவம். 'டோ ரீடென்னெ' என்பது அதன் நான்காம் வேற்றுமை வடிவம். 'டோ' என்பது 'நோக்கி' என்னும் பொருளுடைய உருபுச்சொல். அதாவது, வினையின் பெயருக்கு 'கு' உருபு ஏற்றிய அமைப்பு. தொல்காப்பியம் வகுத்த வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதனுள் 'செயற்கு' என்பதும் ஒன்று. செயல் என்னும் தொழிற்பெயரோடு 'கு'! தொடர்பே இல்லாத இரு மொழிகள் நோக்கத்தைச் சொல்ல ஒரே வழியைத் தேர்ந்துள்ளன. இதனைக் கொண்டு இரு மொழிக்கும் உறவு கற்பிக்க முனைவது வீண். மனிதன் ஓர் ஊரை நோக்கி நடப்பதும் ஒரு செயலை நோக்கி நடப்பதும் அவன் மனத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதே இதன் பொருள். பின்னாளில் ஆங்கிலத்தின் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. 'டு' மட்டும் அடையாளமாய் எஞ்சியது. 'கேன்', 'மஸ்ட்' முதலிய துணைவினைகளின் பின் 'டு' இன்றி வரும் வெறும் வடிவம், அப்பழைய 'ரீடன்' வகையின் எச்சம்.

'நோக்கி' என்னும் அந்தப் பழம்பொருளை மனத்தில் இருத்தினால், மாணவர்களை அலைக்கழிக்கும் ஒரு வேறுபாடு தெளிவாகும். 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் அவர் புகைபிடித்தலை நிறுத்தினார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைபிடிக்க நின்றார். முன்னதில் செயல் பின்னே கிடக்கிறது. பின்னதில் செயல் முன்னே காத்திருக்கிறது. 'ரிமெம்பர்' என்னும் வினையும் அவ்வாறே. ஜெரண்ட் வந்தால் 'கடிதத்தை அஞ்சலில் சேர்த்தது நினைவிருக்கிறது'. இன்ஃபினிட்டிவ் வந்தால் 'சேர்க்க வேண்டும் என்பது நினைவிருக்கிறது'. ஒரு முதியவர் தம் மனைவியைப் பற்றிய கவிதையில் கதவைப் பூட்டியதை நினைத்துக்கொள்கிறாரா, பூட்ட வேண்டுமே என்று நினைத்துக்கொள்கிறாரா என்பது ஓர் ஈற்றில் தொங்குகிறது. முன்னதானால் அது நினைவு. பின்னதானால் அது கடமை. மொழிபெயர்ப்பாளர் அந்த ஈற்றைக் கவனியாது விட்டால் கவிதையின் காலமே திரும்பிப் போகிறது.

இவ்விதி எல்லா வினைகளையும் ஆளும் என்று நம்புதல் கூடாது. 'அவாய்ட்' என்னும் வினை இனி நிகழாதிருக்கும் செயலைச் சுட்டினாலும் ஜெரண்ட்டையே ஏற்கும். 'மேனேஜ்' என்பது முடிந்துவிட்ட செயலைச் சுட்டினாலும் இன்ஃபினிட்டிவையே ஏற்கும். 'பிகின்' இரண்டையும் ஏற்று, பொருளில் பெரிதும் வேறுபடாது நிற்கும். வழக்கே இங்கு ஆசான். மேலும், 'டு' வரும் இடமெல்லாம் இன்ஃபினிட்டிவ் அன்று. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்னும் தொடரில் 'டு' இன்னும் பழைய உருபுச்சொல்லாகவே இருக்கிறது. அதன்பின் 'மீட்டிங்' என்றே வர வேண்டும். கடித முடிவில் 'டு மீட் யூ' என்று எழுதி அனுப்பிய பின்னர் வருந்தியவர்கள் இவ்வவையிலும் இருக்கலாம்.

'டு' என்னும் சொல்லுக்கும் அதன் வினைக்கும் இடையே வேறு சொல் புகலாகாது என்றொரு தடை நெடுநாள் ஆட்சி செய்தது. 1864இல் தம் நூலை வெளியிட்ட ஹென்றி ஆல்ஃபர்ட் அவ்வாறு இடையே சொல் புகுத்துவதைக் கண்டித்தவர்களுள் ஒருவர். இலத்தீனில் இன்ஃபினிட்டிவ் ஒரே சொல்லாதலால் அதனைப் பிளக்க இயலாது. ஆகவே ஆங்கிலத்திலும் பிளக்கலாகாது என்னும் எண்ணம் இத்தடைக்குத் துணையாய் நின்றது என்பர். 1926இல் ஃபௌலர் இது குறித்து ஆங்கிலம் பேசுவோரை ஐந்து கூட்டத்தாராகப் பிரித்து எள்ளி நகையாடினார். பிறமொழி இலக்கணத்தின் சட்டையை ஒரு மொழிக்கு மாட்டிவிடும் துன்பத்தைத் தமிழ் மட்டுமே அனுபவித்தது என்று எண்ணியிருப்போர்க்கு இது ஓர் ஆறுதல். அதே ஃபௌலர், 'அவனது வருதல்' என்னும்படி ஜெரண்ட்டின் முன் உடைமை வடிவமே வேண்டும், 'அவனை வருதல்' என்பது போன்ற வழக்குக் கூடாது என்று வாதிட்டார். டேனிஷ் அறிஞர் யெஸ்பெர்சன், வழக்கில் நூற்றாண்டுகளாக உள்ளதைப் பிழையென்று தள்ளலாகாது என்று மறுத்தார். தமிழில் 'அவன் வருதல்' என்று எழுவாயை அப்படியே நிறுத்திவிடுவதால் இச்சண்டைக்கு இடமில்லாமற் போயிற்று.

எல்லாவற்றினும் வளமான இடம் ஆங்கிலத்தார் 'டேங்லிங் பார்ட்டிசிப்பிள்' என்று கூறும் தொங்கெச்சம். 'வாக்கிங் டவுன் தி ஸ்ட்ரீட், தி ட்ரீஸ் லுக்ட் பியூட்டிஃபுல்' என்று ஒருவர் எழுதினால், தெருவில் நடந்தவை மரங்கள் என்று ஆகிவிடும். பார்ட்டிசிப்பிளின் வினைமுதலும் முற்றின் வினைமுதலும் ஒன்றாதல் வேண்டும் என்பது ஆங்கில விதி. இவ்விதி ஐரோப்பாவுக்கே உரியது என்று எண்ண வேண்டா. ஒன்பது வாய்பாடுகளுள் செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதல் வினையையே கொண்டு முடியும் என்று வினையியல் விதித்துள்ளது. 'தெருவில் நடந்து மரங்கள் அழகாய்த் தோன்றின' என்பது தமிழ்ச் செவிக்கும் ஏற்காது. 'நடக்கையில்' என்றால் ஏற்கும். செய என்னும் எச்சமோ பிறவினையும் கொள்ளும். மழை பெய்யக் குளம் நிறைந்தது என்பதில் பெய்தது ஒன்று, நிறைந்தது மற்றொன்று.

விதியோடு நில்லாமல் விலக்கையும் கண்டதில்தான் தமிழிலக்கணிகளின் நுட்பம் தெரிகிறது. 'கால் ஒடிந்து வீழ்ந்தான்' என்பதில் ஒடிந்தது கால், வீழ்ந்தவன் அவன். விதிப்படி இது தொங்கெச்சம். ஆயினும் கால் அவனது உறுப்பு. சினையின் வினை முதலின் வினையோடு முடியலாம் என்று வினையியலே இசைவு தருகிறது. உடலின் ஒரு பகுதிக்கு நேர்ந்தது உடலுடையவனுக்கு நேர்ந்ததுதானே. ஆங்கிலம் இதற்கு 'ஆப்சொல்யூட்' என்னும் தனியமைப்பை நாடுகிறது: காலைத் தனி எழுவாயாக நிறுத்தி, அதற்கொரு பார்ட்டிசிப்பிளைத் தந்து, காற்புள்ளியிட்டுப் பிரித்து வைக்கிறது. 'ஞாயிறு பட்டு வந்தான்' என உரையாசிரியர்கள் காட்டும் தொடர் மற்றொன்று. ஞாயிறு படுதல் அவன் வினையன்று, அவன் உறுப்பின் வினையுமன்று. இதனைப் பிழையென்று தள்ளாமல், 'பட்டு' என்பது 'பட' என்னும் பொருளில் திரிந்து நின்றது என்று எச்சத்திரிபாகக் கொண்டு வாழவிட்டனர். வழக்கில் உள்ளதைத் தள்ளலாகாது என்று யெஸ்பெர்சன் மன்றாட வேண்டியிருந்தது. இங்கே அது பழைய நெறியாகவே இருந்துள்ளது.

இன்னொரு வியப்பும் உண்டு. தொங்கித் தொங்கியே தம் வினைத்தன்மையை இழந்த பார்ட்டிசிப்பிள்கள் ஆங்கிலத்தில் பல: 'ரிகார்டிங்', 'கன்சர்னிங்', 'கன்சிடரிங்'. இவை இன்று உருபுச்சொற்கள். எவரும் இவற்றின் வினைமுதலைத் தேடுவதில்லை. தமிழில் 'பற்றி', 'குறித்து', 'கொண்டு', 'நோக்கி', 'இருந்து' ஆகியன வினையெச்சமாய்ப் பிறந்து சொல்லுருபாய் வாழ்கின்றன. 'காதலைப் பற்றிப் பேசினான்' என்கையில் அவன் கையில் எதையும் பற்றியிருக்கவில்லை.

இனிக் கவிஞர்களுக்கு நேரே உரிய செய்தி. அண்மைத் தமிழ்க் கவிதைகளில் 'கொண்டிருக்கும்' என்னும் சொல் பெருகி வருவதை எவரும் காணலாம். பெய்துகொண்டிருக்கும் மழை, நகர்ந்துகொண்டிருக்கும் மேகம், உதிர்ந்துகொண்டிருக்கும் இலை. செயல் நடந்துவரும் நிலையை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் இவ்வடிவம் தமிழுக்கு உரியதே. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஆங்கில 'இங்' ஈற்றைக் கண்டவிடமெல்லாம் இதனை ஒட்டுவது, மொழிபெயர்ப்பில் தொடங்கிச் சொந்தக் கவிதைக்கும் பரவிவிட்ட பழக்கம். 'கொண்டிருக்கும்' என்பதை அலகிட்டால் நேர் நிரை நேர், கூவிளங்காய். ஒரு முழுச் சீரை விழுங்கிவிட்டுப் பொருளில் ஏதும் தராமல் நிற்கிறது. 'ரைசிங் சன்' என்பதற்கு எழுஞாயிறு, 'செட்டிங் சன்' என்பதற்குப் படுஞாயிறு என்று சொற்கள் இருக்க, எழுந்துகொண்டிருக்கும் சூரியனைத் தேடுவானேன்? ஏவுகணை, தொடுதிரை, தேடுபொறி என்று அறிவியலார் வினைத்தொகையைத் தம் கருவிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்க, கவிஞர்கள் அதனைக் கைவிடுவது முறையன்று.

எச்சத்தை நிறுத்தும் இடமும் எண்ணத்தக்கது. டி. எஸ். எலியட்டின் 1922ஆம் ஆண்டுக் கவிதையாகிய 'தி வேஸ்ட் லேண்ட்' தொடங்கும் முதல் ஏழு அடிகளுள் ஐந்து, 'இங்' ஈற்றுப் பார்ட்டிசிப்பிளில் முடிகின்றன. ஒவ்வோர் அடியின் விளிம்பிலும் ஒரு வினை நிற்கிறது. எதனை என்னும் கேள்விக்கு விடை அடுத்த அடியில் கிடைக்கிறது. செயப்படுபொருள் வினைக்குப் பின் வரும் மொழியில்தான் இது கூடும். தமிழில் செயப்படுபொருள் முன்னே வந்துவிடுகிறது. எதனை என்னும் கேள்விக்கு இடமில்லை. அடியின் விளிம்பில் வினையெச்சத்தை நிறுத்தினால் எழும் கேள்வி 'பிறகு என்ன' என்பது. பெயரெச்சத்தை நிறுத்தினால் எழும் கேள்வி 'யார், எது' என்பது. அகநானூற்றுப் புலவர்கள் பெயரெச்சங்களை அடுக்கி, யார் என்று கேட்பவனைப் பல அடிகள் காக்க வைத்தனர். பல பாட்டுகள் ஒரே முற்றுவினைக்காகக் காத்திருக்கும் செய்யுளுக்குக் குளகம் என்று அணியிலக்கணம் பெயரிட்டது. தமிழ்த் தொடர் இடப்புறமாகவும் ஆங்கிலத் தொடர் வலப்புறமாகவும் கிளைக்கும் இச்சிக்கலை, சங்கப் பாடல்களை ஆங்கிலமாக்கிய ஏ. கே. இராமானுஜன் ஆழ்ந்து எண்ணினார். அடிகளை உள்தள்ளி அமைக்கும் அவரது முறைக்கு அவ்வெண்ணமே அடிப்படை. ஆதலால் எலியட்டின் ஐந்து 'இங்' ஈறுகளுக்கு ஐந்து 'கொண்டு'களை அடிக்கடைசியில் வைப்பவர் வடிவத்தைக் காத்தவராகார். எலியட் எழுப்பிய கேள்வியை மாற்றிவிட்டவராவார்.

இறுதியாக ஒரு நாடகம். ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழி இன்ஃபினிட்டிவில் தொடங்குகிறது என்பது இவ்வவை அறிந்ததே. பம்மல் சம்பந்த முதலியார் அந்நாடகத்தை 'அமலாதித்யன்' எனத் தமிழுக்குத் தந்தார். பின்னும் பலர் அத்தனிமொழியைத் தொட்டுப் பார்த்துள்ளனர். எவ்வடிவத்தைக் கொள்வது? 'இருப்பதா, இறப்பதா' என்றால் பேச்சின் உயிர் வந்துவிடுகிறது. ஆயினும் 'ஆ' என்னும் வினாவிகுதி முதற்சொல்லிலேயே கேள்வியை எழுப்பிவிடுகிறது. மூலத்தில் கேள்வி அங்கே இல்லை. அங்கே இருப்பவை ஆளும் காலமும் அற்ற இரு வினைகள். அவை ஒரு கேள்வி என்பதை அரசிளங்குமரன் சற்றுப் பின்னரே கூறுகிறான். 'இருத்தல், இல்லாதிருத்தல்' என்று தொழிற்பெயரிட்டால் அந்த ஆளற்ற தன்மை கிடைக்கிறது. ஆனால் மெய்யியல் நூலின் தலைப்புப் போல் குளிர்ந்து விடுகிறது. 'இருக்க' என்று செயவெனெச்சம் வைத்தால், தமிழ்ச் செவி உடனே ஒரு முற்றுக்காகக் காத்திருக்கத் தொடங்கும். இருக்க வேண்டுமா, இருக்க இயலுமா, இருக்க விடுவார்களா என்று. மேடையில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நடிகன் மூச்சிழுத்து நிற்கும் கணத்தில், அவையோர் அத்தனை பேரும் அந்த முற்றைத் தத்தம் மனத்துள் தேடிக்கொண்டிருப்பர்.